சிறு பட்டறைக்கு ஏற்ற பல அச்சுத் துருவல் இயந்திரம்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

மதுரை என்றவுடன் மீனாட்சியம்மன் கோயிலும், மல்லிகையும், சித்திரைத் திருவிழாவுமே வெளியூரார் நினைவுக்கு வரும். ஆனால் கே.புதூர், கப்பலூர் தொழிற்பேட்டைகளின் பக்கம் ஒரு நாள் நடந்து பார்த்தால் வேறொரு மதுரையைக் காணலாம். வெள்ளரிப்பட்டியில் டயர் செய்கிறார்கள். கோச்சடையில் இயந்திரங்களுக்கான பெல்ட் செய்கிறார்கள். இத்தகைய பெரிய ஆலைகளை அடுத்து ரப்பர் வாஷர், புஷ், வளையம் முதலியன செய்யும் சிறு தொழில்களும், அவற்றுக்கு வேண்டிய இரும்பு வார்ப்புகளைக் கடைந்தும் துருவியும் கொடுக்கும் பட்டறைகளும் பல உள்ளன. நம் கல்லூரி மாணவர் பலருடைய வீட்டு அடுப்பு எரிவது இப்பட்டறைகளின் வருவாயால்தான்.

என் தந்தையாரும் அப்படி ஒரு பட்டறை வைத்திருப்பவரே. ஒரு லேத்து, ஒரு பழைய கைத் துருவல் இயந்திரம், ஒரு துளையிடும் இயந்திரம், இரண்டு தொழிலாளிகள், சொத்து இவ்வளவே. சென்ற ஆண்டு ஒரு விற்பனையாளர் வண்ணப் படங்களுடன் வந்து, மேசைமேல் வைத்து ஓட்டக்கூடிய ஐந்து அச்சுத் துருவல் இயந்திரம் ஒன்றைப் பற்றிச் சொல்லிச் சென்றார். அதை வாங்க வேண்டுமானால் மேலூர்ப் பக்கம் பெரியாற்றுக் கால்வாய்ப் பாசனத்தில் எங்களுக்குள்ள ஐம்பது சென்ட் நஞ்சையை ஈடு வைக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே, "வீட்டுல படிச்சவன் நீ ஒருத்தன்தான். வாங்கலாமா வேண்டாமான்னு கணக்குப் போட்டுச் சொல்லுப்பா" என்று தந்தையார் பொறுப்பை என்னிடம் விட்டார். அதற்காக நான் படித்ததையும், கேட்டதையும், கணக்கிட்டதையும் இங்கே தொகுத்துத் தருகிறேன். இதே கேள்வி நம்மில் வேறு சிலர் வீட்டிலும் எழக்கூடும் அல்லவா?

துருவல் என்பது யாது?

லேத்து எனப்படும் கடைசல் இயந்திரத்தில் வேலைப்பொருள் சுழலும், உளி சுழலாது. துருவல் இயந்திரத்தில் இது தலைகீழ். பல பற்களுள்ள வெட்டுக் கருவி சுழலும். வேலைப்பொருள் மேசையில் இறுகப் பிடிக்கப்பட்டு, மேசையோடு நகரும். பட்டறைகளில் இதை மில்லிங் மெஷின் என்றே சொல்வர். உருண்டையான பொருள்களுக்கு லேத்து; தட்டை, பள்ளம், வளைபரப்பு ஆகியவற்றுக்குத் துருவல் எனச் சுருக்கமாகக் கூறலாம்.

கையால் பிடி சுழற்றி நகர்த்திய இவ்வியந்திரத்தை எண்களால் இயக்கும் முறை அமெரிக்காவில் பிறந்தது. ஹெலிகாப்டர் இறக்கையின் வளைவைச் சரியாக வெட்ட ஜான் பார்சன்ஸ் என்பவர் தொடங்கிய முயற்சி, அந்நாட்டு விமானப் படையின் பொருளுதவியுடன் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் வளர்ந்தது. 1952இல் எண்வழிக் கட்டுப்பாட்டில் ஓடும் மூன்று அச்சு இயந்திரம் அங்கே இயக்கிக் காட்டப்பட்டது. நம் நாட்டில் அதற்கு அடுத்த ஆண்டு, 1953இல், பெங்களூரில் எச்.எம்.டி. நிறுவனம் தொடங்கப்பட்டது. இன்று கணிப்பொறி வழி இயங்கும் துருவல் இயந்திரங்கள் பெங்களூரு, ராஜ்கோட், நமக்கு அருகில் கோவை ஆகிய ஊர்களில் செய்யப்படுகின்றன.

அச்சுக் கணக்கு

தமிழில் அச்சு என்ற சொல் இரு பொருள்படும். ரப்பரை ஊற்றி வார்க்கும் அச்சும் அச்சுதான். கணிதத்தில் வரும் அச்சும் அச்சுதான். குழப்பம் நேராதிருக்க, முதலாவதைப் பட்டறை வழக்கப்படி மோல்டு என்றே எழுதுகிறேன்.

இட வலம் எக்ஸ் அச்சு; முன் பின் ஒய் அச்சு; மேல் கீழ் இசட் அச்சு. இம்மூன்றும் நேர்கோட்டு இயக்கங்கள். எக்ஸ் அச்சைச் சுற்றிய சுழற்சியை ஏ என்றும், ஒய்யைச் சுற்றியதை பி என்றும், இசட்டைச் சுற்றியதை சி என்றும் குறிப்பர். ஆக மொத்தம் ஆறு. ஒரு திண்பொருளின் சுதந்திர இயக்கக் கூறுகள் ஆறு என்று நாம் வகுப்பில் படித்தது இதுவே. அப்படியாயின் முழுமையான இயந்திரத்துக்கு ஆறு அச்சுகள் வேண்டாவோ? வேண்டா. வெட்டுக் கருவி தன் அச்சைத் தானே சுற்றிக்கொண்டிருப்பதால், அந்த ஒரு சுழற்சி கணக்கிலிருந்து விலகிவிடுகிறது. எனவே எந்தப் புள்ளிக்கும், எந்தச் சாய்விலும் கருவியைக் கொண்டு செல்ல மூன்று நகர்வும் இரண்டு சுழற்சியும், ஆக ஐந்து அச்சு போதும்.

மூன்று அச்சு இயந்திரம் மேலிருந்து மட்டுமே பார்க்கும். நான்காவது அச்சு, பொருளை ஒரு தண்டின்மேல் திருப்பிக் காட்டும். ஐந்து அச்சில் இரு வகை உண்டு. சாய்த்து நிறுத்திப் பூட்டிவிட்டு மூன்று அச்சில் வெட்டுவது ஒன்று. ஐந்தும் ஒருசேர ஓடுவது மற்றொன்று. விலைப்பட்டியலில் இரண்டையும் 'ஐந்து அச்சு' என்றே போட்டிருப்பார்கள். எது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது வாங்குபவர் கடமை.

ஐந்தும் ஒருசேர ஓடும் பெரிய இயந்திரங்களின் ஆற்றல் சாதாரணமானதன்று. ஜப்பானின் தோஷிபா மெஷின் நிறுவனம் பல அச்சுத் துருவல் இயந்திரங்களைச் சோவியத் நாட்டுக்கு விற்றது 1987இல் வெளிப்பட்டபோது, நீர்மூழ்கிக் கப்பலின் சுழல்விசிறிகளை ஓசை குறைவாக ஓடும்படி செதுக்க அவை உதவும் என்று அமெரிக்கா கொதித்தெழுந்தது. இன்றும் உயர் துல்லிய ஐந்து அச்சு இயந்திரங்கள் பல நாடுகளின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளன.

முதலில் வேலை, பிறகே இயந்திரம்

'எந்த இயந்திரம் நல்லது?' என்று தொடங்குவதைவிட 'நம்மிடம் வரும் வேலை எது?' என்று தொடங்குவதே முறை. தந்தையாரின் வேலைக் குறிப்பேட்டை எடுத்து, மூன்று மாதங்களில் வந்த துருவல் வேலைகளை வகைப்படுத்தினேன். மொத்தம் 64 வேலைகள். அவற்றில் 51 வேலைகளுக்கு மூன்று அச்சே போதும். 11 வேலைகளில் பொருளைத் திருப்பித் திருப்பிப் பிடிக்க வேண்டியிருந்தது. நான்காவது அச்சு இருந்தால் நேரம் மிஞ்சும். இரண்டே இரண்டுக்குத்தான் ஐந்து அச்சு தேவைப்பட்டது.

இது தற்செயலன்று. காரணம் மோல்டின் இயல்பிலேயே இருக்கிறது. சில கோயில்களில் யாளியின் வாய்க்குள் உருளும் கல்லுருண்டையைக் கண்டிருப்பீர்கள். கையை விட்டு உருட்டலாம். வெளியே எடுக்க இயலாது. உளியைப் பல கோணங்களில் செலுத்தி உள்ளேயே செதுக்கப்பட்டது அது. மோல்டோ இதற்கு நேர்மாறானது. ரப்பர் வெந்ததும் இரு தட்டுகளும் திறந்து, பொருள் வெளியே வந்தாக வேண்டும். திறக்கும் திசையில் தடுக்கும் குடைவு பொதுவாக இருத்தலாகாது. வெளியே வரக்கூடிய வடிவமெனில், அதே திசையிலிருந்து வெட்டுக் கருவியும் உள்ளே போகலாம். ஆகவே எளிய மோல்டு வேலை பெரும்பாலும் மூன்று அச்சில் அடங்கிவிடுகிறது.

பல் கட்டும் ஆய்வகங்களின் நிலை வேறு. சிர்கோனியாவில் செய்யும் பல் உறையின் எந்தப் பக்கமும் தட்டையன்று. ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாய்வு. அங்கே சிறிய ஐந்து அச்சு இயந்திரம் முழு நாளும் வேலை பார்க்கும். தன் வேலைக்குப் பொருந்திய இயந்திரமே மலிவான இயந்திரம் என்பதற்கு நம் ஊரிலேயே சான்றுண்டு. 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் தொடர்பாக, 1992இல் மதுரையில் ஆரோலேப் நிறுவப்பட்டது. கண்ணுக்குள் வைக்கும் லென்சை இங்கேயே செய்து, இறக்குமதி விலையில் ஒரு சிறு பங்குக்குக் கொடுத்தனர். ஏறக்குறைய 6 மி.மீ. குறுக்களவுள்ள லென்சுக்குப் பெரிய இயந்திரம் எதற்கு? சிறிய பொருளுக்குச் சிறிய, ஆனால் மிகத் துல்லியமான இயந்திரமே தேவை.

விறைப்பு

சிறிய இயந்திரங்களில் முதலில் பார்க்க வேண்டியது விறைப்பு. வார்ப்பிரும்பு உடலா, அலுமினியச் சட்டமா? எடை எத்தனை கிலோ? வெட்டும்போது எழும் விசை, கருவியையும் உடலையும் வளைக்கும். நம் ஆய்வகத்தில் ஒரு முனை பொருத்திய சட்டத்தில் எடை தொங்கவிட்டு யங் குணகம் கண்ட சோதனை இங்கே அப்படியே பயன்படுகிறது. வளைவு, நீளத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்திலும், உருளைத் தண்டெனில் விட்டத்தின் நான்மடிக்கு எதிர்விகிதத்திலும் அமையும்.

10 மி.மீ. விட்டமுள்ள எஃகுத் தண்டு 40 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்க, முனையில் 100 நியூட்டன் விசை தாக்கினால் வளைவு சுமார் 0.022 மி.மீ. அதே நீளத்துக்கு 6 மி.மீ. தண்டு என்றால் 0.17 மி.மீ. கருவியை இரு மடங்கு நீட்டினால் வளைவு எட்டு மடங்கு. கார்பைடு கருவியின் யங் குணகம் எஃகைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. எனவே வளைவு மூன்றிலொன்றாகும்.

ஐந்து அச்சின் உண்மையான நன்மை ஒன்றும் இக்கணக்கிலேயே விளங்கும். ஆழ்ந்த பள்ளத்தில் பொருளைச் சாய்த்துக் காட்டினால் குட்டையான கருவியால் வெட்டலாம், வளைவு குறையும். ஆனால் சாய்க்கும் மேசையே ஆட்டம் கொடுத்தால் அந்த இலாபம் அங்கேயே போய்விடும்.

சுழல் மேசையின் பிழை

நேர்கோட்டு அச்சில் உள்ள பிழை எங்கும் ஒரே அளவாகத் தெரியும். சுழல் அச்சின் பிழையோ, தொலைவோடு பெருகும். மையத்திலிருந்து 100 மி.மீ. தொலைவில் ஒரு கலை, அதாவது பாகையில் அறுபதில் ஒரு பங்கு பிழை, 0.029 மி.மீ. ஆகிறது. நான்கைந்து கலை ஆட்டமுள்ள மலிவான மேசையில் 0.1 மி.மீ.க்கு மேல் தவறும். மோல்டின் இரு தட்டுகளும் பொருந்தும் இடத்தில் இவ்வளவு இடைவெளி இருந்தால், ரப்பர் பிதுங்கி ஓரமெல்லாம் மீசை முளைக்கும். அச்சு கூடக் கூடப் பிழைக்கான இடங்களும் கூடுகின்றன என்பதை மறத்தலாகாது.

வெயிலும் துல்லியமும்

சித்திரை, வைகாசியில் மதுரை வெயில் 40 பாகையைத் தொடும். தகரக் கூரைப் பட்டறைக்குக் காலை ஏழு மணிக்கு ஒரு வெப்பநிலை. பிற்பகல் மூன்று மணிக்கு வேறொன்று. எஃகின் நீள் விரிவுக் குணகம் ஒரு பாகைக்குப் பத்து இலட்சத்தில் சுமார் 12 பங்கு. 300 மி.மீ. நீளத் திருகுத் தண்டு 10 பாகை சூடேறினால் 0.036 மி.மீ. நீளும். அலுமினியச் சட்டமெனில் இது ஏறக்குறைய இரு மடங்கு. விற்பனைத் தாளில் உள்ள துல்லியம், குளிரூட்டிய அறையில் அளந்ததாக இருக்கலாம். ஆகவே கூரைக்கு அடியில் ஒரு தடுப்புக் கட்டி, இயந்திரத்தின்மேல் வெயில் படாமல் காத்து, அரை மணி நேரம் வெறுமனே ஓடவிட்டபின் நுண்ணிய வேலையைத் தொடங்குவது நன்று. இதற்குச் செலவு மிகக் குறைவு.

மோட்டாரும் மூளையும்

விற்பனைத் தாளில் '1.5 கிலோவாட், 24,000 சுற்று' என்றிருக்கும். இந்த ஆற்றல் 24,000 சுற்றில் மட்டுமே கிடைக்கும். 3 மி.மீ. கருவியால் அலுமினியத்தை நிமிடத்துக்கு 200 மீட்டர் வெட்டு வேகத்தில் வெட்ட 21,000 சுற்றுகள் வேண்டும். அங்கே இது சிறப்பாக ஓடும். ஆனால் 10 மி.மீ. கார்பைடு கருவியால் எஃகை 100 மீட்டர் வேகத்தில் வெட்ட 3,200 சுற்றே ஆகும். திருப்பு விசை மாறாத மோட்டாரில், அவ்வேகத்தில் கிடைப்பது 200 வாட்தான். எஃகு வேலை செய்பவர், தாழ்ந்த வேகத்தில் திருப்பு விசை எவ்வளவு என்று கேட்க வேண்டும்.

அச்சுகளை நகர்த்துவது ஸ்டெப்பர் மோட்டாரா, செர்வோ மோட்டாரா என்பதும் முக்கியம். எளிய ஸ்டெப்பர், சுமை மிகுந்தால் சில படிகளைத் தவறவிட்டு, தவறியதே தெரியாமல் தொடர்ந்து ஓடும். செர்வோ தன் நிலையைத் தானே அளந்து திருத்திக்கொள்ளும். சாதாரணத் திருகைவிடக் குண்டுத் திருகில் பின்னடைவுப் பிழை மிகக் குறைவு.

கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஃபானுக், சீமென்ஸ், மிட்சுபிஷி முதலியன பெயர் பெற்றவை. லினக்ஸ் சி.என்.சி. என்ற கட்டணமற்ற மென்பொருளும் உண்டு. ஐந்து அச்சு வெட்டுப் பாதையை எழுதித் தரும் மென்பொருள் தனிச்செலவு. அதன் ஆண்டுக் கட்டணம் எவ்வளவு, நம் இயந்திரத்துக்கேற்ற மொழிமாற்றக் கோப்பு கிடைக்குமா, அதை இயக்கப் பழகிய ஆள் இருக்கிறாரா என மூன்றையும் விசாரித்தல் வேண்டும். விலைப்பட்டியலில் இவை பெரும்பாலும் இடம்பெறா.

பழுதும் தூரமும்

எங்கள் பகுதியிலுள்ள ஒரு பட்டறையில் இறக்குமதி செய்த சிறு இயந்திரம் ஒன்றை வாங்கினர். எட்டாம் மாதத்தில் கட்டுப்பாட்டு அட்டை எரிந்தது. மாற்று அட்டை கடல் கடந்து வர நான்கு மாதமாயிற்று. வங்கித் தவணை மட்டும் அந்த நான்கு மாதமும் தவறாமல் வந்தது. எனவே பழுது பார்ப்பவர் கோவையிலிருந்து காலையில் புறப்பட்டால் பிற்பகலில் பட்டறைக்கு வந்துவிடுவார் என்பதும் இயந்திரத்தின் தரத்தில் ஒரு பகுதியே. மும்முனை மின்சாரம், நல்ல நில இணைப்பு, மின்னழுத்தச் சீராக்கி ஆகியவற்றின் செலவையும் முன்கூட்டியே சேர்த்துக்கொள்க.

பணக் கணக்கு

எடுத்துக்காட்டாக விலை ரூ.12 இலட்சம், ஆயுள் 8 ஆண்டு எனக் கொள்வோம். ஆண்டுத் தேய்மானம் ரூ.1,50,000. கடன் படிப்படியாகக் குறைவதால் சராசரியாக ரூ.6 இலட்சத்துக்கு 11 விழுக்காடு வட்டி ரூ.66,000. பராமரிப்பு, மென்பொருள் ரூ.60,000. ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆகும் செலவு ரூ.2,76,000. ஆண்டுக்கு 1,800 மணி ஓடினால் மணிக்கு ரூ.153, 600 மணியே ஓடினால் ரூ.460. கூலி, மின்சாரம், வெட்டுக் கருவி இவற்றுக்கு மேல். விலையைப் போலவே இயந்திரம் ஓடும் மணி நேரமும் இலாப நட்டத்தைத் தீர்மானிக்கிறது.

மூன்று மாதத்தில் இரண்டே வேலைக்காக ஐந்து அச்சு வாங்குவது எங்களுக்குத் தகாது என்பது இதனால் தெளிவாயிற்று. ஏறக்குறைய அதே விலையில், வார்ப்பிரும்பு உடலும் செர்வோ மோட்டாரும் உள்ள மூன்று அச்சு இயந்திரம். நான்காம் அச்சைப் பின்னர் பூட்டுவதற்கான இணைப்பு அதில் இருக்க வேண்டும். ஐந்து அச்சு வேலை வந்தால் வெளியே கூலிக்குக் கொடுத்து வாங்குவது. இதுவே நான் எழுதிக் கொடுத்த முடிவு. தந்தையார் இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, "நஞ்சை இருக்கட்டும். வேற வழியில கடன் கேட்போம்" என்றார். கடனுக்கான தாள்கள் இப்போது வங்கியில் உள்ளன.

புதிதாகத் தொழில் தொடங்குவோருக்குத் தமிழக அரசு 2012-13இல் கொண்டுவந்த புதிய தொழில்முனைவோர் மற்றும் தொழில் நிறுவன மேம்பாட்டுத் திட்டம், முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்காகவே அமைந்தது. திட்டச் செலவில் 25 விழுக்காடு மானியமும், வட்டியில் 3 விழுக்காடு சலுகையும் உண்டு. 21 வயது நிறைந்தவர்கள் மாவட்டத் தொழில் மையத்தை அணுகலாம். நடக்கும் தொழிலுக்கு இது பொருந்தாது எனினும், பட்டம் பெற்று வெளியேறும் நம்மவர்க்கு உதவும்.

வாங்குமுன் செய்யத்தக்க சோதனைகள்

1. நம் பொருளையே, நம் எஃகையே எடுத்துச் சென்று, நம் கண்முன் வெட்டிக் காட்டச் சொல்லுதல்.

2. மேசைமேல் டயல் கேஜ் வைத்து, ஒரு மி.மீ. முன் நகர்த்தி, மீண்டும் பின் நகர்த்தி, முள் பழைய இடத்துக்கு வருகிறதா எனப் பார்த்தல். நகரும் நுண்ணோக்கியில் நாம் அஞ்சும் அதே பின்னடைவுப் பிழைதான் இது.

3. சுழல் அச்சின்மேல் ஒரு கட்டையைப் பிடித்து, மேலிருந்து பாதி ஆழம் துளையிட்டு, 180 பாகை திருப்பி, மறுபக்கத்திலிருந்தும் துளையிடுதல். இரு துளைகளும் விலகும் அளவில் பாதியே மையப் பிழை. பிழையை இரட்டித்துக் காட்டுவதால் இது எளிய, நம்பத்தக்க சோதனை.

4. அதே வேலையைக் காலையிலும் பிற்பகலிலும் ஒருமுறை வெட்டி, இரண்டையும் மைக்ரோமீட்டரால் அளந்து ஒப்பிடுதல்.

5. அதே இயந்திரத்தை ஓராண்டாவது ஓட்டியவரிடம் நேரில் சென்று கேட்டல்.

விற்பவர் இவற்றுக்கு இசையவில்லையெனில், அதுவும் ஒரு விடையே.

முடிவுரை

மேற்சொன்ன கணக்குகளில் நாம் முதலாண்டில் படிக்காதது எதுவுமில்லை. யங் குணகம், நீள் விரிவு, திருப்பு விசை, பின்னடைவுப் பிழை யாவும் நம் பதிவேட்டில் எழுதிக் கையொப்பம் வாங்கியவையே. தேர்வு முடிந்தால் மறந்துவிடலாம் என்று நாம் எண்ணும் சூத்திரம், ஒரு குடும்பத்தின் ஐம்பது சென்ட் நிலத்தைக் காக்கவும் கூடும். பட்டறை வைத்திருக்கும் பெற்றோரை உடைய மாணவ நண்பர்கள் ஒரு நாள் அவ்வேலைக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டுகிறேன். பேராசிரியப் பெருமக்கள் நம்மை ஒருமுறை கப்பலூர்த் தொழிற்பேட்டைக்கு அழைத்துச் சென்றால், செய்முறை வகுப்பின் பயன் இன்னும் தெளிவாக விளங்கும் என்பது என் பணிவான கருத்து.